முடிவை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்: ‘ரோமியோ ஜூலியட்’ வாசிக்கப் புகுவோருக்கு

பாலக்காட்டு எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கமிருந்து தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கும் பிள்ளைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் தேர்வுத்தாளில் ஆங்கிலமுமாக வளர்ந்தவர்கள் என்பதால் புதிய மொழியொன்றைக் கண்டு அவர்கள் மிரளுவதில்லை. அவர்களை மிரட்டுவது ஷேக்ஸ்பியர் என்ற பெயரும், அந்தப் பெயரைச் சுற்றிக் ‘கைடு’ புத்தகங்கள் போட்டுவைத்திருக்கும் கலைச்சொல் முள்வேலியும்தான். அந்த வேலியைத் தாண்டாமல், வாசல் வழியாகவே உள்ளே போவதற்கு நான் அவர்களுக்குச் சொல்லும் முறையை இங்கே எழுதிவைக்கிறேன். நாடக நூல் ஒன்று, கோடு போட்ட நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று இருந்தால் போதும்.

நூலைப் பற்றி ஒரு சொல். இந்நாடகம் 1597ஆம் ஆண்டு சற்றுச் சுருங்கிய வடிவத்திலும், 1599ஆம் ஆண்டு நிறைவான வடிவத்திலும் அச்சானது. இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான பதிப்புகள் இரண்டாவதையே அடிப்படையாகக் கொண்டவை. எதிர்ப்பக்கத்திலோ அடியிலோ சொற்பொருள் தரும் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். வரி எண்கள் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறும் என்பதால் குறிப்பெடுக்கும்போது அங்கத்தையும் காட்சியையும் மறவாமல் எழுதுங்கள். கதைச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போவது, சமையல் குறிப்பைப் படித்துவிட்டு ஏப்பம் விடுவதற்குச் சமம் என்பது என் எண்ணம்.

முதற்படி: முடிவைத் தெரிந்துகொண்டு தொடங்குவது

‘டீச்சரே, கடைசியில் இரண்டு பேரும் செத்துப்போவார்கள் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டாரே, பிறகு எதற்கு மீதியை வாசிக்க வேண்டும்?’ என்று முதல் நாளிலேயே ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. நாடகம் தொடங்குமுன் மேடைக்கு வரும் கட்டியக்காரர், பதினான்கே வரிகளில், பகை கொண்ட இரண்டு குடும்பங்கள், அவற்றில் பிறந்த இரண்டு காதலர்கள், அவர்கள் சாவோடு புதைந்துபோகும் பெற்றோர் பகை என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுகிறார். சொல்லாமல் விடுவது ஒன்றும் இல்லை.

இந்தக் கேள்விக்கு விடை நம் மண்ணிலேயே இருக்கிறது. பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் தோல்பாவைக்கூத்து நடக்கும்போது கம்பராமாயணப் பாட்டுத்தான் பாடப்படுகிறது. இராவணன் சாவான் என்பது தெரியாமல் அங்கே யாரும் வந்து உட்காருவதில்லை. ஆனாலும் திரைக்குப் பின்னால் வரிசையாக எரியும் விளக்குகளின் ஒளியில் இந்திரசித்தன் வீரம் பேசும்போது, அவனுக்குத் தெரியாத அவன் முடிவு பார்ப்பவருக்குத் தெரிந்திருப்பதால், அந்தப் பேச்சுக்கு ஒரு கனம் கூடிவிடுகிறது. சிலப்பதிகாரத்தின் பதிகமும் கதை முழுவதையும் முன்பே சொல்லிவிடுகிறது. முடிவைத் தெரிவித்துவிட்டால் ‘என்ன நடக்கும்’ என்ற ஆவல் அடங்கி, ‘எப்படி நடந்தது, யாருக்குத் தெரியாமல் நடந்தது’ என்ற கவலை எழும். ஷேக்ஸ்பியர் நம்மிடம் வேண்டுவது இந்தக் கவலையைத்தான். ஆகவே அந்தப் பதினான்கு வரிகளை முதலில் இருமுறை உரக்கப் படியுங்கள். பின்பு நாடகம் முழுவதையும், புரியாத சொற்களுக்காக நிற்காமல், இரண்டு மூன்று மாலைகளில் ஒரே ஓட்டமாகப் படித்து முடியுங்கள். அகராதியை அதன் பிறகு திறக்கலாம்.

இரண்டாவது படி: நாள்காட்டி போடுவது

முதல் வாசிப்பு முடிந்ததும் நோட்டின் ஒரு பக்கத்தில் ஞாயிறு முதல் வெள்ளி வரை கட்டம் போடுங்கள். இக்கதையை ஆங்கிலத்தில் 1562ஆம் ஆண்டு நெடும்பாட்டாக எழுதிய ஆர்தர் புரூக் அதை மாதக்கணக்கில் நீட்டிச் சொன்னார். ஷேக்ஸ்பியர் அதை எடுத்து நான்கைந்து நாளுக்குள் அடக்கினார். புரூக்கின் பாட்டில் பதினாறு வயதுப் பெண்ணாக இருந்த ஜூலியட், நாடகத்தில் பதினான்கு நிறையாத சிறுமியாகிவிடுகிறாள். இந்த இரண்டு மாற்றங்களும் ஒரே நோக்கம் கொண்டவை: யாருக்கும் யோசிக்க நேரம் கொடுக்கக் கூடாது.

கட்டங்களை நிரப்பினால் இப்படி வரும். ஞாயிறு காலை வெரோனா நகரில் தெருச்சண்டை, இரவு ஜூலியட்டின் தந்தை கேப்யுலெட் வீட்டு விருந்து, அங்கே முதற்சந்திப்பு, பின் சாளரத்தடியில் உரையாடல். திங்கள் பிற்பகல் லாரன்ஸ் துறவியின் அறையில் இரகசியத் திருமணம், உடனே ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவும் ஜூலியட்டின் உறவினன் டிபால்ட்டும் சாகும் வாள்சண்டை, டிபால்ட்டைக் கொன்ற ரோமியோவுக்கு நாடுகடத்தல். செவ்வாய் விடியலில் காதலர் பிரிவு, அன்றே பாரிஸ் என்னும் பிரபுவை மணக்கச் சொல்லும் கட்டாயம், இரவில் அதிலிருந்து தப்பத் துறவி தந்த மயக்க மருந்தை ஜூலியட் குடிப்பது. புதன் காலை ‘பிணம்’ கண்டெடுப்பு.

இங்கே பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். திங்கள் இரவு, மகளின் சம்மதம் கேட்காமல் பாரிஸுக்கு வாக்குக் கொடுக்கும் கேப்யுலெட், ‘புதன்கிழமை மிக அருகில் இருக்கிறது, வியாழக்கிழமை வைத்துக்கொள்ளலாம்’ என்று தாமே சொல்கிறார். மறுநாள் ஜூலியட், துறவி சொல்லிக்கொடுத்தபடி, மனம் மாறியவளாக நடித்து, தந்தை காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள். அந்தப் பணிவில் உருகிப்போன அவர், மனைவி தடுத்தும் கேளாமல், திருமணத்தைப் புதன்கிழமைக்கே இழுத்துவிடுகிறார். மகள் எதிர்த்து நின்றிருந்தால் ஒருநாள் கிடைத்திருக்கும்; கீழ்ப்படிவதுபோல் நடித்ததால் அந்த ஒருநாள் பறிபோனது. நாடுகடத்தப்பட்டு மாந்துவா நகரில் இருக்கும் ரோமியோவுக்குச் செய்தி போய்ச் சேருவதற்கு மிகவும் வேண்டியிருந்த நாள் அது. கைடுகள் இந்த இடத்தை அரை வரியில் தாண்டிவிடும். கதைக்கட்டு என்பது என்ன என்று எவராவது என்னைக் கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மருந்தின் மயக்கம் 42 மணி நேரம் நீடிக்கும் என்று துறவி சொல்கிறார். செவ்வாய் இரவிலிருந்து விரல்விட்டு எண்ணினால் வியாழன் பிற்பகல் வருகிறது; கல்லறைக் காட்சியோ இரவில் தொடங்கி விடியலில் முடிகிறது. அதை வியாழன் விடியல் என்பாரும் வெள்ளி விடியல் என்பாரும் உண்டு. மேடைக் கடிகாரமும் கைக்கடிகாரமும் ஒத்துப்போக வேண்டியதில்லை என்று ஏற்றுக்கொண்டு, கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள்.

மூன்றாவது படி: ‘யாருக்குத் தெரியும்’ பட்டியல்

என் முறையில் மிகுதியாக உழைக்க வேண்டிய படி இதுதான். நோட்டில் இரண்டு பக்கங்களை விரித்து, இடப்புறம் பாத்திரங்களின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். மேலே நாடகத்தின் பெரிய இரகசியங்களைத் தலைப்பாக இடுங்கள்: திருமணம், மருந்து, ஜூலியட் உயிரோடு இருப்பது. ஒவ்வொரு காட்சியிலும் யாருக்கு எது தெரியவருகிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு குறி இடுங்கள். கடைசியில் ‘வாசகர்’ என்றும் ஒரு வரிசை சேர்த்து, அதில் எல்லாக் கட்டங்களையும் முதலிலேயே நிரப்பிவிடுங்கள். உங்கள் வரிசை நிறைந்தும் மேடையில் நிற்பவரின் வரிசை வெறுமையாகவும் இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் நாடக முரண்நகை பிறக்கிறது. இலக்கணமாக இதற்கு மேல் ஒன்றும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

மூன்றாம் அங்கத்தின் முதற்காட்சியை எடுத்துக்கொண்டு செய்துபார்ப்போம். வெயில் கொளுத்தும் பிற்பகல், பொதுத்தெரு. திருமணம் முடிந்து சற்று நேரமே ஆன ரோமியோ வருகிறான். விருந்தில் அவன் நுழைந்ததைப் பொறுக்காத டிபால்ட் அவனை அயோக்கியன் என்று கூவிச் சண்டைக்கு இழுக்கிறான். ரோமியோ வாளைத் தொடாமல், உன்மேல் அன்பு கொள்வதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது, கேப்யுலெட் என்ற பெயரை என் பெயரைப் போலவே மதிக்கிறேன் என்று மறுமொழி சொல்கிறான். இப்போது பட்டியலைப் பாருங்கள். களத்தில் நிற்பவர்களில் திருமணம் தெரிந்தவன் ரோமியோ ஒருவனே. அவன் சொல்வது முழு உண்மை: டிபால்ட் அவன் மனைவிக்குத் தாய்மாமன் மகன் முறையில் நெருங்கிய உறவினன், இன்றுமுதல் அவனுக்கும் உறவு. ஆனால் டிபால்ட்டின் காதில் அது கேலியாக விழுகிறது. நண்பன் மெர்குஷியோவின் காதில் அது கோழைத்தனமாக விழுகிறது. நண்பனின் மானத்தைக் காக்க மெர்குஷியோ வாளை உருவ, இருவரையும் விலக்கிவிட ரோமியோ நடுவில் பாய, அவன் கையின் கீழாகப் புகுந்த டிபால்ட்டின் வாள் மெர்குஷியோவைக் குத்திவிடுகிறது.

ஒரே பேச்சு, கேட்கும் மூவரில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொருள்; சரியான பொருள் நமக்கு மட்டும். ஒரு வார்த்தை, ‘நான் உன் வீட்டு மாப்பிள்ளை’ என்று சொல்லியிருந்தால் எல்லாம் மாறியிருக்கும். அந்த ஒரு வார்த்தைதான் சொல்லக்கூடாத வார்த்தையாக இருக்கிறது. சமாதானம் செய்யப் போனவனின் கைதான் கொலைக்கு வழிவிட்டது என்பது இதற்கு மேலான இன்னொரு முரண். செயல் ஒன்றை நோக்கிச் செல்ல, விளைவு எதிர்த்திசையில் வந்து நிற்பதை நிகழ்வு முரண்நகை என்பார்கள்.

நாடகத்தின் நடுக்கம்பம் இந்தக் காட்சியே. இதற்கு முன்வரை நடந்ததெல்லாம் ஓர் இன்பியல் நாடகத்தின் சரக்கு: வாயாடித் தாதி, வேலைக்காரர்களின் குறும்பு, மறைந்து சந்திக்கும் இளசுகள், முறைக்கும் பெரியவர்கள். மெர்குஷியோ விழுந்ததும் நாடகத்தின் சிரிப்பு நின்றுவிடுகிறது. அவன் சாகும்போது சொல்வதுகூட ஒரு சிலேடைதான். நாளைக்கு என்னைத் தேடினால் ‘கிரேவ்’ மனிதனாகக் காண்பாய் என்கிறான். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் ‘கல்லறை’ என்றும் ‘சிரிக்காத, அழுத்தமான’ என்றும் இரு பொருள். நாடகத்தில் அதிகம் சிரித்தவன் இனிச் சிரிக்கமாட்டேன் என்பதையும் சிரிப்பாகவே சொல்லிவிட்டுப் போகிறான். நம் இரட்டுற மொழிதலைப் பழகியவர்களுக்கு இதன் சுவை அடிக்குறிப்பு இல்லாமலே தெரியும்.

இப்போது அதே அங்கத்தின் ஐந்தாம் காட்சி. ரோமியோ சாளரம் வழியாக இறங்கிப் போய்ச் சில நொடிகளே ஆகின்றன. தாய் உள்ளே வருகிறாள். டிபால்ட் செத்ததற்காக மகள் அழுகிறாள் என்று அவள் நினைக்கிறாள். ரோமியோவுக்கு நஞ்சு கொடுக்க மாந்துவாவுக்கு ஆள் அனுப்பப்போவதாகத் தாய் சொல்ல, ஜூலியட் தரும் விடையில் ‘இறந்த’ என்னும் பொருள்தரும் சொல்லொன்று இரண்டு தொடர்களுக்கு நடுவில் நிற்கிறது. முன்வரும் தொடரோடு சேர்த்தால், ரோமியோவை இறந்தவனாகப் பார்க்கும்வரை எனக்கு ஆறாது என்று பொருள். பின்வரும் தொடரோடு சேர்த்தால், இறந்துகிடக்கிறது என் நெஞ்சு என்று பொருள். தாய் முதலாவதைக் கேட்கிறாள், நாம் இரண்டாவதைக் கேட்கிறோம். ஓரிடத்தில் நின்று இருபுறமும் வெளிச்சம் தரும் சொல்லை நம் அணியிலக்கணம் தீவகம் என்கிறது. நடுவில் நிற்பதால் இடைநிலைத் தீவகம் என்றே கூட இதைச் சொல்லிப்பார்க்கலாம். இந்தப் பத்து வரிகளை இருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். திண்ணையில் படித்தபோது, தாயாகப் படித்த பெண் முதல் தடவை கோபமாகப் படித்தாள். மகள் பொய் சொல்கிறாள் என்று அவளுக்குத்தான் தெரியுமே! ‘உனக்குத் தெரியும், அந்த அம்மாவுக்குத் தெரியாது’ என்றேன். இரண்டாம் தடவை அன்பாகப் படித்தாள். அந்த அன்புதான் பயங்கரமாக இருந்தது.

மற்ற இடங்களை நீங்களே கண்டுபிடியுங்கள். சிலவற்றைச் சுட்டிவிட்டுப் போகிறேன். விருந்துக்கு அழைப்புப் பட்டியலைக் கொண்டுசெல்லும் வேலைக்காரனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாததால், அவன் தெருவில் கண்ட ரோமியோவிடமே அதைப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறான். அதே விருந்தில் டிபால்ட் கொதிக்கும்போது, நல்ல பிள்ளை என்று ஊரே புகழ்கிறது, விடு என்று ரோமியோவுக்காகப் பேசுபவர் கேப்யுலெட். மாமனார் மருமகனைப் புகழும் ஒரே இடம் அது. இருவருக்கும் அந்த உறவு அப்போது தெரியாது.

நான்காவது படி: அணிகளுக்கு வேலை என்ன என்று கேட்பது

அணிகளைக் கணக்கெடுத்துப் பெயர் வைப்பது எளிது. உவமை இத்தனை, உருவகம் இத்தனை என்று பக்கத்தை நிரப்பி மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். ஆனால் ஒவ்வோர் அணியும் கதையில் என்ன வேலை செய்கிறது என்று கேட்காவிட்டால் அந்தக் கணக்கால் பயனில்லை.

முதற்சந்திப்பைப் பாருங்கள். ரோமியோவும் ஜூலியட்டும் ஒருவரோடொருவர் பேசும் முதல் பதினான்கு வரிகள் சேர்ந்து ஒரு சானட் (எதுகைக் கட்டுடைய பதினான்கு வரிப் பாட்டு) ஆகின்றன. அவன் நான்கு வரி சொல்லித் தன்னை யாத்திரிகனாகவும் அவளைத் திருவுருவாகவும் உருவகிக்கிறான். அவள் அதே உருவகத்தை எடுத்து, அதே எதுகைப் போக்கில், நான்கு வரியில் விடை சொல்கிறாள். மீதி ஆறையும் பங்கிட்டுக்கொண்டு, கடைசி இரண்டு வரிகளில் ஆளுக்கு ஒன்றாக முடிக்கிறார்கள். ஒருவர் ஈற்றடி கொடுக்க மற்றவர் வெண்பா முடிக்கும் வழக்கம் நமக்கு உண்டு. ஆனால் முன்பின் அறியாத இருவர் பேசத் தொடங்கிய பேச்சே செய்யுளாக அமைந்துவிடுவது வேறு. இவர்கள் பொருத்தமானவர்கள் என்று எந்தப் பாத்திரமும் சொல்ல வேண்டியதில்லை, யாப்பே சொல்லிவிடுகிறது. உடனே அடுத்த சானட்டைத் தொடங்குகிறார்கள். நான்கு வரி ஆனதும் தாதி வந்து, அம்மா கூப்பிடுகிறார் என்கிறாள். பாட்டு பாதியில் அறுந்து நிற்கிறது. முடிவு தெரிந்தவர்களாகிய நமக்கு அந்த அறுந்த பாட்டின் பொருளை விளக்க வேண்டுமா?

முரண்சொற்கள் பற்றி ஒரு குறிப்பு. முதல் அங்கத்தில் ரோசலின் என்ற வேறொரு பெண்ணுக்காக ஏங்கும் ரோமியோ, ஈய இறகு, குளிர்ந்த நெருப்பு, நோயுற்ற நலம் என்று அடுக்குகிறான். அது கேட்டுப் பழகிய காதற்புலம்பல். அவன் காதல் இன்னும் புத்தகத்திலிருந்து எடுத்ததாகவே இருக்கிறது. மூன்றாம் அங்கத்தில், தன் கணவன் தன் உறவினனைக் கொன்றான் என்று கேட்ட ஜூலியட், அழகிய கொடுங்கோலன், தேவதை முகத்துப் பேய் என்று அதே வகைச் சொற்களை வீசுகிறாள். இப்போது முரண் வாயில் இல்லை, வாழ்க்கையில் இருக்கிறது. ஒரே அணி; முன்னது பாவனை, பின்னது வலி. தேர்வில் இவ்விரண்டையும் அருகருகே வைத்து எழுதுபவர் சிலரே.

ஒளி, இருள் உருவகங்கள் நாடகம் முழுவதும் விரவிக்கிடப்பதால் அவற்றைப் பற்றி எல்லா நூல்களும் எழுதிவிட்டன, நான் நீட்டவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த இரகசியத் திருமணம் ஒன்றைத் தவிர, பகல் வெளிச்சத்தில் இவர்களுக்கு நல்லதே நடப்பதில்லை. பிரியும் விடியலில், கூவுவது வானம்பாடி இல்லை, இரவில் பாடும் நைட்டிங்கேல்தான் என்று ஜூலியட் வாதாடுவது அதனால்தான்.

முன்குறிப்புகளுக்கு நோட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். அவன் மணமானவனாக இருந்தால் என் கல்லறையே என் மணப்படுக்கை என்று விருந்தன்று இரவே சொல்கிறாள் ஜூலியட். துறவி தோன்றும் முதற்காட்சியிலேயே, ஒரே பூவில் நஞ்சும் மருந்தும் குடியிருப்பதைக் கையில் வைத்துப் பேசுகிறார். கடைசியில் அவர் கொடுத்தது மருந்து, ரோமியோ வாங்கியது நஞ்சு. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வரும்போது மதிற்கொடிகள் வராதீர்கள் என்று கைகாட்டுவதுபோல் அசைந்தன என்ற இடத்தைப் பள்ளியில் தற்குறிப்பேற்றத்துக்கு எடுத்துக்காட்டாகப் படித்திருப்பீர்கள். கொடிக்குத் தெரிந்தது கோவலனுக்குத் தெரியவில்லை. அதே கண்ணோடு இங்கும் பாருங்கள்.

ஐந்தாவது படி: அகத்திணை அறிவைத் துணைக்கு அழைப்பது

தமிழில் படித்து வந்தவர்கள் இங்கே தாழ்வு மனப்பான்மை கொள்வது எனக்கு வியப்பாக இருக்கிறது; ஏனென்றால் மற்றவர்களிடம் இல்லாத கருவி ஒன்று உங்களிடம் இருக்கிறது.

சாளரக் காட்சியில் ஜூலியட் கேட்கும் புகழ்பெற்ற கேள்வியில் வரும் ‘வேர்ஃபோர்’ என்ற சொல்லை ‘எங்கே’ என்று பொருள்கொள்ளாதீர்கள், அது ‘ஏன்’. அவன் எங்கே இருக்கிறான் என்று அவள் தேடவில்லை. நீ ஏன் ரோமியோவாக, அந்தக் குடும்பத்தின் பெயரோடு பிறந்தாய் என்று நொந்துகொள்கிறாள். (போகிற போக்கில்: ‘பால்கனி’ என்ற சொல் நாடகத்தில் எங்குமே இல்லை.) அகப்பாட்டில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. நம் காதலர்களுக்குப் பெயரே கிடையாது. இவர்களுக்கோ பெயர்தான் பகை. அகப்பாட்டின் தலைவியாக இருந்திருந்தால் ஜூலியட் அந்த இரவில் வேண்டியது அவளுக்கு இயல்பாகவே கிடைத்திருக்கும். இந்த ஒப்பீட்டை நான் கைடு எதிலும் பார்த்ததில்லை.

இன்னொன்று அறத்தொடு நிற்றல். களவொழுக்கம் முற்றி, வேற்றுவரைவு (வேறொருவர் பெண்கேட்டு வருவது) வந்து நெருக்கும்போது, தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையருக்கும் உண்மையை முறையாக வெளிப்படுத்துவதை நம் மரபு அறத்தின் பக்கம் நிற்பதாகவே பேசுகிறது. இந்த நாடகத்தில் தாதி தோழியாகவும் செவிலியாகவும் ஒருங்கே இருக்கிறாள். தூது போகிறாள், நூலேணி கொண்டுவருகிறாள். வேற்றுவரைவு வந்த நாளில், வாய் திறக்க வேண்டிய இடத்தில், பாரிஸையே கட்டிக்கொள் என்று சொல்லிவிடுகிறாள். சங்கிலியின் முதற்கண்ணியே அறுந்துபோகிறது. தாதி ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி ஒரு தமிழ் வாசகருக்குத் தானாக எழும். அதை அடக்காமல் விடைத்தாளில் எழுதுங்கள். ஆனால் இரண்டும் ஒன்றே என்று சாதிக்கப் புறப்பட வேண்டாம். அகப்பாட்டு ஒரு கணத்தைப் பிடித்துத் தரும்; நாடகமோ அடுத்த கணம் என்ன விளைந்தது என்று காட்டியே தீரும்.

ஆறாவது படி: ஊழா, அவசரமா?

தேர்வில் தவறாமல் வரும் கேள்வி இது. ஊழ்வினை உருத்து வந்தூட்டும் என்று கேட்டு வளர்ந்த நாம் உடனே ஊழின் பக்கம் சாய்ந்துவிடுவோம். கட்டியக்காரரும் விண்மீன்கள் பகைத்த காதலர் என்றே அறிமுகம் செய்கிறார். கொஞ்சம் பொறுத்து, நாள்காட்டியையும் பட்டியலையும் விரித்துப் பாருங்கள்.

ஊழ் என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஓரிடம் கடிதம். ஜூலியட் உறங்குகிறாள், வந்து அழைத்துப்போ என்று எழுதிய மடலோடு புறப்பட்ட ஜான் துறவி, கொள்ளைநோய் இருந்த வீட்டுக்குப் போய்வந்தவர் என்ற ஐயத்தால் வெரோனாவிலேயே பூட்டிவைக்கப்படுகிறார்; வெளியே விடவும் இல்லை, தொற்றுக்கு அஞ்சி மடலை வேறொருவர் கையில் வாங்கவும் இல்லை. வெரோனாவிலிருந்து மாந்துவா ஏறத்தாழ 40 கிலோமீட்டர்; பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் போகும் தூரம்கூட இல்லை. இந்தக் காட்சி நம்பத்தக்கதாக இல்லை என்று முன்பெல்லாம் மாணவர்கள் முறையிடுவார்கள். 2020ஆம் ஆண்டு வாளையாறு எல்லையில் அனுமதிச்சீட்டு இல்லாமல் நின்றவர்களைக் கண்ட பிறகு ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை.

மற்றதெல்லாம் மனிதர்கள் செய்தவை. ஒரே இரவில் முடிவான திருமணம், அதை வெளியே சொல்லாத துறவி, புதனுக்கு இழுத்த தந்தை, செய்தி கேட்டதும் துறவியிடமிருந்து கடிதம் இல்லையா என்று கேட்டுவிட்டு, விடைக்கு நின்று யோசிக்காமல் நஞ்சு தேடிய ரோமியோ. என் தீர்ப்பு அவசரத்தின் பக்கமே. நீங்கள் ஊழின் பக்கம் நின்றாலும் குற்றமில்லை. ஆனால் எந்தக் காட்சியை வைத்து என்று எழுதுங்கள்.

கடைசிக் காட்சியைப் படிக்கும் முறை

கல்லறையில் ஜூலியட்டைப் பார்க்கும் ரோமியோ, உன் உதட்டிலும் கன்னத்திலும் செம்மை இன்னும் மாறவில்லையே, சாவின் வெளிறிய கொடி இன்னும் அங்கே ஏறவில்லையே என்று வியக்கிறான். கண் முழு உண்மையைப் பார்க்கிறது. அறிவு அதை அழகு என்று தவறாக மொழிபெயர்க்கிறது. மருந்தின் வேகம் குறைந்து அவள் விழிக்கப்போகும் நேரம் அது. நம் வரிசையில் எல்லாக் கட்டங்களும் நிறைந்திருக்க, அவன் வரிசையில் மருந்தும் அவள் உயிரோடு இருப்பதுமாகிய இரண்டு கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. இந்தப் பேச்சை மெதுவாக, உரக்கப் படியுங்கள். சொற்பொருள் பார்க்க நிறுத்தாதீர்கள்.

அவன் குடித்துச் சாய்ந்த சற்று நேரத்தில் துறவி விளக்கோடு வருகிறார், ஜூலியட் விழிக்கிறாள், ஆள்வரும் அரவம் கேட்டு அவர் ஓடிவிட, அவள் கணவனின் குறுவாளை எடுக்கிறாள். இந்த இடத்தில் பலர் புத்தகத்தை மூடிவிடுவார்கள், காரணம் அதன்பின் வரும் துறவியின் வாக்குமூலம். சுருக்கமாகச் சொல்கிறேன் என்று தொடங்கி, ஏறத்தாழ நாற்பது வரி, நாம் பார்த்த கதையையே திரும்பச் சொல்கிறார். மேடையில் பலமுறை வெட்டப்படும் பகுதி இது. நீங்கள் வெட்டாதீர்கள். நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அந்த நாற்பது வரியையும் படித்து, அவர் ஒவ்வோர் உண்மையைச் சொல்லும்போதும் இளவரசர், கேப்யுலெட், அவர் மனைவி, ரோமியோவின் தந்தை மாண்டேகு ஆகியோர் வரிசையில் குறி இட்டுக்கொண்டே வாருங்கள். நமக்கு முன்பே தெரிந்தது, ஊர்ப் பெரியவர்களுக்கு இப்போதுதான் முதல்முறையாகத் தெரிகிறது; தாதி செய்யாத அறத்தொடு நிற்றலைப் பிணங்களுக்கு நடுவே துறவி செய்துமுடிக்கிறார்.

குறியிட்டு முடித்த பிறகும் சில வரிசைகள் வெறுமையாகவே கிடக்கும். டிபால்ட், மெர்குஷியோ, தன் மணப்பெண்ணுக்குப் பூத்தூவ வந்து கல்லறை வாசலில் ரோமியோவின் வாளுக்கு இரையான பாரிஸ், மகனை நாடுகடத்திய துயரம் தாளாமல் அந்த இரவிலேயே உயிர்விட்ட மாண்டேகுவின் மனைவி. தான் ஒரு மருமகளுக்கு மாமியார் ஆகியிருந்தது அந்த அம்மாளுக்குக் கடைசிவரை தெரியாது.